இரண்டு ஓரமும் தேய்ந்த ரயர்

கராஜ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். "ரயரைப் பாத்தே காருக்கு என்ன நோய் வருத்தமெண்டு சொல்லுவீங்களாம், அதை எழுதுங்கோ ஐயா" என்று உங்களில் ஒருவர் சொன்னார். அந்தப் பேர் எனக்கு இருந்தது உண்மை. அந்தப் பேரை வைத்துக்கொண்டு நான் ஒரு மனிதனுக்குச் செய்ததை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. வாசித்து முடித்தபின் என்னை ஐயா என்று கூப்பிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது ஆகியிருக்கவில்லை. எங்கள் குடும்பம் அரசாங்கம் குடியேற்றத்துக்குக் கொடுத்த குளத்துக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். அப்பாவும் அண்ணன்மாரும் வயலுக்குள் இறங்கினார்கள். எனக்குச் சேறு ஒத்துவரவில்லை, கிறீஸ் ஒத்துவந்தது. வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் கொஞ்சம் தள்ளியிருந்த கராஜ் ஒன்றில் மெக்கானிக்காக இருந்தேன். மெக்கானிக்கை அப்போது பாஸ் என்பார்கள். அங்கே நானும் இன்னொருவருமாக இரண்டு பாஸ்மார்.

கராஜுக்கு முன்னால் பெரிய பாலைமரம் ஒன்று நின்றது. வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் காலையில் அதன் கீழே காரை விட்டுவிட்டுத் தேநீரும் கையுமாக நிற்பார்கள். எந்த முதலாளி கஞ்சன், எந்தச் சாரதி குடிக்கிறான், யாருடைய கார் எந்த ரோட்டுக் கிடங்கில் விழுந்தது என்பதெல்லாம் அங்கேதான் வெளியாகும். காலையில் அந்த மரத்தடியில் கிளம்பிய கதை மத்தியானம் கிளிநொச்சியில் நிற்கும், பின்னேரம் முல்லைத்தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் பக்கத்தில் சாரதி வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும் அந்த மரத்தடிக்கு வந்துதான் விசாரிப்பார்கள். பின்னால் நான் சொல்லப்போவது விளங்க வேண்டுமென்றால் இதை மனதில் வைத்திருங்கள்.

ரயர் பார்க்கும் கணக்கு உங்களுக்கும் தெரிந்ததுதான். நடு தேய்ந்தால் காற்று கூடிப்போயிற்று. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு எழும்பி நின்றால் காற்று காணாது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் சில்லு நேராக நிற்கவில்லை, ஸ்பிரிங்கையோ, முன்சில்லைத் தாங்கித் திருப்புகிற கிங்பின் ஆணியையோ போய்ப் பார்க்கவேண்டும். நான் உள்ளங்கையால் ஒருமுறை தடவுவேன், காரணத்தைச் சொல்லுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். மரத்தடியில் என்னை 'ரயர் பாஸ்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. மெல்ல மெல்ல, ரயரைத் தடவிக் காரைச் சொன்னதோடு நிற்காமல், ஓட்டுகிறவனையும் சொல்லத் தொடங்கினேன். "இது அவசரக்காரன் ஓட்டின ரயர்", "இது பிறேக்கிலயே ஏறி நிக்கிற ஆள்" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இன்னொரு விஷயமும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமானுக்குக் கட்டுப்பாடு. புது ரயர் வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் எல்லாக் கராஜிலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு ரயர் உள்ளோரம் தேய்ந்துபோனால், அதை றிம்மிலிருந்து கழற்றி, திருப்பி, மறுபடி அதே றிம்மில் பூட்டிவிடுவோம். தேய்ந்த ஓரம் வெளியே வரும், நல்ல ஓரம் உள்ளே போகும். ரயர் இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். கால் மணித்தியால வேலை, முதலாளிக்கும் சந்தோஷம். மாதத்துக்கு எட்டுப் பத்து ரயர் நானே திருப்பியிருப்பேன். திருப்பிய ரயருக்குள் நான் மஞ்சள் சோக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவேன். மற்றப் பாஸ் வேறு குறி போடுவார். பிறகு உள்ரியூப் மடிந்து காற்றுப் போனால் யாருடைய கைவேலை என்று தெரிவதற்காக அப்படி ஒரு ஏற்பாடு.

இப்போது மரியதாஸ் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். பூவரசங்குளம் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருந்த முதலாளி ஒருவரின் கார்ச் சாரதி அவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்த இடம் முல்லைத்தீவுக் கரையில் இருக்கிற நாயாறு. வேதக்கார ஆள், கடற்றொழில் குடும்பம். தகப்பன், சகோதரங்கள் எல்லோரும் கரைவலை இழுத்தார்கள், இவர் மட்டும் காரோட்டப் பழகி எங்கள் பக்கம் வந்துவிட்டார். கார் சாவி வளையத்தில் ஒரு சின்ன மாதா பதக்கம் கோத்து வைத்திருப்பார். அதிகம் கதைக்கமாட்டார். மரத்தடிக்கு வந்தாலும் ஒரு கரையாகத்தான் நிற்பார். மற்றவர்களும் அவரை நடுவுக்குக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. குளத்துக் காணிக்காரருக்குக் கடற்கரைக்காரரைப் பற்றி ஒரு கீழான நினைப்பு இருந்தது. அது எனக்குள்ளும் இருந்தது என்பதை இப்போது ஒளித்து என்ன பிரயோசனம்.

ஆவணி மாதத்து ஒரு காலை. முதலாளி அந்தக் காரில் வந்து இறங்கினார். மரியதாஸ் அண்ணை அவருக்குப் பிறகு இறங்கினார். முன் இடப்பக்க ரயர் போய்விட்டது, இரண்டு இடத்தில் உள்நூல் தெரிந்தது. வருவதற்கு எத்தனையோ மாதம் எடுத்த புது ரயர் ஒன்று டிக்கியில் கிடந்தது. முதலாளி கொதித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இது நாள் வரமுந்திச் செத்துப்போச்சு. ஏனெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும்" என்றார்.

மரத்தடியில் ஆறு சாரதிகள் நின்றார்கள். ரயர் பாஸ் என்ன சொல்லப்போகிறான் என்று ஆறு பேரும் கிட்ட வந்தார்கள். நான் குந்தியிருந்து உள்ளங்கையால் தடவினேன். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தன, நடு எழும்பி நின்றது. யோசிக்க ஒன்றும் இல்லை.

"காத்துக் குறைவா ஓடியிருக்கு, முதலாளி."

மரியதாஸ் அண்ணை அமைதியாகச் சொன்னார். "ஒவ்வொரு விடியவும் காத்துப் பாத்துப்போட்டுத்தான் எடுக்கிறனான். காத்தடிக்கிற பம்மும் காத்து மானியும் சீற்றுக்குக் கீழ கிடக்கு."

"அப்ப இது என்னண்டு வந்தது?" என்று முதலாளி என்னைப் பார்த்தார்.

தம்பிமாரே, இந்த இடத்தில் நிற்கிறேன். "காரை ஒருக்கா உயர்த்திப் பாப்பம், முதலாளி" என்று நான் சொல்லியிருக்கலாம். ஜக் இரண்டு எட்டு தள்ளிக் கிடந்தது. சில்லை உயர்த்தி, மேலேயும் கீழேயும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டியிருந்தால் எல்லாம் வெளித்திருக்கும். ஆனால் ஆறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காரணத்தைச் சொன்ன பிறகு காரை உயர்த்துகிறவன் ரயர் பாஸ் இல்லை. எனக்கு அந்தப் பேர்தான் பெரிதாக இருந்தது.

"மணலில ஓட்டிறதெண்டா காத்தை இறக்கிப்போட்டுத்தான் ஓட்ட வேணும். இறக்கின காத்தோட திருப்பித் தார் ரோட்டில ஓடினா இப்பிடித்தான் தேயும்" என்றேன்.

நான் நாயாறு என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மணல் எங்கே கிடக்கிறது, அங்கே யாருடைய வீடு இருக்கிறது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அது கரைவலைக் காலம். கடற்கரையிலிருந்து மீன் ஏற்ற வாகனம் கிடைக்காமல் ஆட்கள் அலைகிற நேரம். முதலாளி டிக்கியைத் திறந்து குனிந்து மணந்து பார்த்தார். கருவாட்டு மணம் இருந்தது. அது போன கிழமை முதலாளி வீட்டுக்கே வந்த கருவாடு என்று மரியதாஸ் அண்ணை சொன்னார். அது யாருடைய காதிலும் ஏறவில்லை.

பிறகு மரியதாஸ் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, காத்து இறக்கினா நாலு சில்லுக்கும் எல்லோ இறக்க வேணும்? மற்ற மூண்டும் ஏன் தேயேல்லை?"

அன்றைக்கு அந்த மரத்தடியில் உண்மையாக ரயரை வாசித்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"இடப்பக்கம் ரோட்டோரத்தில ஓடுற சில்லு, அதுக்கு அடி கூட. அது எங்களுக்குத் தெரியும், றைவர்."

அதுவரை அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அன்றைக்கு 'றைவர்' என்றேன். யாரோ சிரித்தார்கள். அவர் இன்னொரு முறை வாய் திறந்தார்.

"தை மாதமே உம்மட்டச் சொன்னனான், கிடங்கில விழேக்க இடப்பக்கம் ஒரு தட்டுச் சத்தம் கேக்குதெண்டு."

"எனக்கு ஞாபகமில்லை" என்றேன். ஞாபகம் இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. தேடிப் பார்க்க நான் விரும்பவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

முதலாளி சத்தம் போடவில்லை. கையை நீட்டினார். மரியதாஸ் அண்ணை சாவி வளையத்திலிருந்து மாதா பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். சாவியை முதலாளியின் கையில் கொடுக்காமல் காரின் முன்பக்கப் பொனற்றின் மேல் வைத்தார். சீற்றுக்குக் கீழே இருந்த பம்மை எடுத்துத் துடைத்து அதையும் பக்கத்தில் வைத்தார். பிறகு பஸ் எடுக்க வவுனியாப் பக்கம் நடந்தார். நான் புது ரயரைப் பூட்டினேன். பழையதை றிம்மிலிருந்து கழற்றியதும் நான்தான். அதற்குள்ளே எட்டிப் பார்க்காமல் கராஜுக்குப் பின்னால் எறிந்தேன்.

கதை எப்படிப் போனதென்று சொல்லத் தேவையில்லை. "முதலாளியின்ர காரில மீன் ஏத்தினவன்" என்ற பேரோடு அவர் முல்லைத்தீவுக்குப் போய் இறங்குவதற்கு முன்பே கதை அங்கே போய் இறங்கியிருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துவிட்டது. ஒரு நாள் அந்தக் காரைப் புதுச் சாரதி கொண்டுவந்தார். "பாஸ், இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்றார். முன் இடப்பக்க ரயர். மூன்று மாதம் ஓடவில்லை, உள்ளோரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. வெளியோரம் புதிதாகவே இருந்தது.

அன்றைக்கு மரத்தடியில் ஒருவரும் இல்லை, மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதனால்தானோ என்னவோ, காரை உயர்த்தினேன். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். டக் என்று கேட்டது. இன்னொரு முறை ஆட்டினேன், டக். மரியதாஸ் அண்ணை தையில் சொன்ன தட்டுச் சத்தம் என் கைக்குள் கேட்டது. கிங்பின்னைச் சுற்றியிருக்கும் புஷ் வளையம் முற்றாகத் தேய்ந்துபோயிருந்தது. சில்லின் மேற்பக்கம் உள்ளே சாய்ந்து, உள்ளோரத்தில் மட்டும் பாரம் விழுந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால், கிறீஸ் போகிற துவாரத்தை மண் அடைத்து இறுகிக் கிடந்தது. மாதாமாதம் அதற்குக் கிறீஸ் அடித்தவன் நான். அடிக்கிற கிறீஸ் மறுபக்கத்தால் வெளியே வருகிறதா என்று ஒரு மாதமாவது குனிந்து பார்த்திருந்தால் அந்தப் புஷ் தேய்ந்திருக்காது.

ஆனால் ஒன்று பிடிபடவில்லை. கிங்பின்தான் காரணமென்றால் பழைய ரயரிலும் உள்ளோரம் மட்டும்தானே தேய்ந்திருக்க வேண்டும். அதில் ஏன் இரண்டு ஓரமும் தேய்ந்தன? கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. சாக்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு கராஜுக்குப் பின்னால் போனேன். பழைய ரயர் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு உள்ளே பார்த்தேன். மங்கலாக ஒரு மஞ்சள் வட்டம், குறுக்கே ஒரு கோடு.

தை மாதம் முழுதாக ஞாபகத்துக்கு வந்தது. முதலாளிக்கு மறுநாள் யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணம். காரை அவசரமாகக் கொண்டுவந்து விட்டார்கள். உள்ளோரம் தேய்ந்திருந்தது. "ஒரு தட்டுச் சத்தம் கேக்குது தம்பி" என்று மரியதாஸ் அண்ணை சொன்னார். "கலியாணம் முடிஞ்சு வாங்கோ அண்ணை, பாப்பம்" என்று சொல்லிவிட்டு ரயரைத் திருப்பிப் பூட்டினேன். வருத்தத்தைப் பார்க்கவில்லை, வருத்தத்தின் அடையாளத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். உள்ளே போன நல்ல ஓரத்தையும் அதே கிங்பின் தின்றுவிட்டது. ஆவணியில் வந்தபோது இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தன. நானே செய்து வைத்ததை நானே தடவிப் பார்த்து, காற்றுக் குறைவு என்றேன். அதற்கும் மேலே போய், மணல் என்றேன்.

அந்த மழைக்குள் நின்ற என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்படுகிறவன் உடனே திருந்திவிடுவான் என்று நினைக்காதீர்கள். நான் முதலில் செய்தது, அந்த வட்டத்தைக் கிறீஸ் துணியால் துடைத்ததுதான்.

முதலாளியிடம் போனேன். "கிங்பின் புஷ் தேஞ்சுபோச்சு முதலாளி, மாத்த வேணும்" என்றேன்.

"புதுப் பெடியன் கிடங்குகளுக்க விட்டிட்டானோ?"

"இல்லை, அது பழைய தேய்வு."

அவர் தலையாட்டிவிட்டு நெல் மூட்டைகளைப் பார்க்கப் போய்விட்டார். பழைய தேய்வென்றால் பழைய ரயருக்கும் அதுதானே காரணம் என்று அவர் யோசிக்கவில்லை. அவருக்குச் சில்லைப் பற்றித் தெரியாது, எனக்குத் தெரியும். அவர் யோசிக்காதது எனக்கு வசதியாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்தப் பொய்யில் ஐந்து மாதம் ஓட்டினேன்.

சித்திரை முடிந்து கரைவலை மறுபடி தொடங்கிய நேரம், பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முல்லைத்தீவு பஸ் எடுத்தேன். அங்கிருந்து நாயாற்றுக்கு ஒரு மீன் லொறியில் இடம் கிடைத்தது. வழியில் மணல் வந்த இடத்தில் லொறிக்காரர் இறங்கி, நான்கு சில்லுக்கும் ஒவ்வொன்றாகக் காற்று இறக்கினார். நான் அதை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மரியதாஸ் அண்ணை மீன்பிடி வாடிக் குடிசைக்கு முன்னால் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கையில் கயிறு அறுத்த காயங்கள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை, கோபமும் காட்டவில்லை. "வாரும், இரும்" என்று ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தா.

"ஆரப்பா அது?"

"வவுனியாக் கராஜ் தம்பி."

அவா என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தா. பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. அந்தத் தேத்தண்ணியைக் குடிப்பது எனக்குப் பெரும் பாடாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். ரயரைத் திருப்பியதைச் சொன்னேன். கிறீஸ் துவாரம், தட்டுச் சத்தம், மஞ்சள் வட்டம், அதைத் துடைத்தது, முதலாளியிடம் பாதி சொன்னது, எல்லாம் சொன்னேன். "என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ அண்ணை" என்றேன். அவர் வலைக் கண்ணை எண்ணி எண்ணிப் பொத்திக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தம்பி, நான் மணலில ஓடேல்லை எண்டு எனக்குத் தெரியாதோ?"

எனக்கு விளங்கவில்லை.

"இவ்வளவு தூரம் வந்து எனக்குத் தெரிஞ்ச விஷயத்தை எனக்கே சொல்லுறீர். தெரியாத ஆக்கள் அங்கை எல்லோ நிக்கினம். அந்த மரத்துக்குக் கீழ நிண்ட ஆறு பேர். முதலாளி. அவையளுக்குச் சொன்னாத்தான் எனக்கு ஒரு வேலை கிடைக்கும். எட்டு இடத்தில கேட்டுப் பாத்திட்டன். எல்லா இடத்திலயும் மணல் கதைதான் எனக்கு முன்னால போய் நிக்குது."

"சொல்லுறன் அண்ணை."

"எப்ப?"

"நாளைக்கே."

"அப்ப உமக்கு நான் என்னத்தை மன்னிக்கிறது. சொல்லிப்போட்டு வாரும்" என்றார். திரும்பி வரும்போது லொறி நிற்கிற இடம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். லைசென்சை மழை படாமல் ஒரு தகர டப்பாவுக்குள் வைத்திருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் மரத்தடிக்குப் போனேன். அதே ஆட்கள், அதே தேநீர். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதான் போனேன். "உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும்" என்று தொடங்கவும் செய்தேன். அப்போது ஒருவர் தன் காரைக் காட்டி, "ரயர் பாஸ், முதல்ல இதைச் சொல்லும்" என்றார். குந்தியிருந்து தடவிப் பார்த்தேன். காரணத்தைச் சொன்னேன், சரியாகவே சொன்னேன். "பாத்தியளோ, ஆள் விண்ணன்" என்றார்கள். அதற்குப் பிறகு என் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் என்னைக் கோழை என்று சொல்லி விட்டுவிடலாம். இன்னும் ஒன்று இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, அரசாங்கக் கந்தோர் ஒன்றின் வாகனத்துக்குச் சாரதி தேடி ஒரு பெரியவர் மரத்தடிக்கு வந்தார். நிரந்தர வேலை. என்னிடம்தான் நேரே வந்தார்.

"தம்பி, நாயாற்றில இருந்து மரியதாஸ் எண்டு ஒருத்தர் கேட்டு எழுதியிருக்கிறார். உம்மைத் தெரியும், உம்மட்ட விசாரிக்கச் சொல்லி அவரே எழுதியிருக்கிறார். ஆள் எப்பிடி?"

அவரே எழுதியிருக்கிறார். நான் சொல்லியிருப்பேன் என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார். நாளைக்கே என்று வாக்குக் கொடுத்தவன் நான் அல்லவா.

"நல்லா ஓட்டுவார்" என்றேன்.

பெரியவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஏதோ மணல் கதை ஒண்டும் கேள்விப்பட்டனான்."

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். 'அது பொய், பிழை என்னுடையது' என்று சொல்ல இரண்டு மூச்சு போதும்.

"அது பழைய கதை" என்றேன்.

அவர் தலையாட்டினார். தன் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பேரைக் கீறி அழித்துவிட்டு, போய் வருகிறேன் என்று சொல்லிப் போனார். அந்த வேலை வேறு ஒருவருக்குப் போனது. மரியதாஸ் அண்ணை அதற்குப் பிறகு எந்த இடத்திலும் கார் வேலை கேட்டதாக நான் அறியவில்லை. வலைதான் இழுத்தார். சில வருடம் கழித்து முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் ஒரு தடவை கண்டேன். அவரும் என்னைக் கண்டார். தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை, கிட்ட வந்து ஏசவுமில்லை. நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்து நிற்கிறவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

பாலைமரத்தடியில் நின்ற ஆறு பேரும் இப்போது இல்லை. முதலாளி எப்போதோ போய்விட்டார். மரியதாஸ் அண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்வி. அவருடைய பிள்ளைகள் அந்தக் கரையில் எங்காவது இருப்பார்கள். தங்கள் தகப்பன் ஏன் காரை விட்டு வலைக்குத் திரும்பினார் என்பதற்கு அவர்களுக்கு ஊர் சொன்ன காரணம் ஒன்று இருக்கும். அந்தக் காரணம் என் வாயிலிருந்து வந்தது.

உங்களுக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை. தொழிலைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரயரைத் திருப்புவதற்கு முன் அந்தச் சில்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு ரயரை வைத்து ஒரு ஆளைச் சொல்லப் போனால், மற்ற மூன்று ரயரும் என்ன சொல்கின்றன என்று முதலில் கேளுங்கள். இதைக்கூட நான் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கு ஒரு சாரதி என்னிடம் கேட்ட கேள்விதான் அது.

இனி, நாளைக்கே சொல்லுவேன் என்று நாயாற்றில் சொன்னதை இங்கே சொல்லுகிறேன். கேட்கவேண்டிய ஆறு பேர் நீங்கள் இல்லை, தெரியும். ஆனால் நீங்களும் ஏதாவது ஒரு மரத்தடியில் நாலு பேரோடு நிற்கிறவர்கள்தான். மரியதாஸ் அண்ணை ஒரு விடியவும் காற்றுப் பார்க்காமல் அந்தக் காரை எடுக்கவில்லை. அதை மணலில் இறக்கவில்லை. அதில் மீன் ஏற்றவில்லை. அந்த ரயரைத் திருப்பிப் போட்டவன் நான்.